மூன்று நாள் ஓய்வு

என் மகள் போட்டிக்கு நீந்துகிறாள் என்று சொன்னால் கொழும்பு வெள்ளவத்தையில் உடனே வரும் கேள்வி, "அப்ப கிளாஸ்?" என்பதுதான். கேட்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் வீட்டுக்குள்ளேயே அந்தக் கேள்வி சப்பாத்துக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது.

அடுத்த வருடம் அவளுக்கு ஓ.எல். பொதுப் பரீட்சை. அவளுடைய அப்பா ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் முடிவாகச் சொல்லிவிட்டார். வருகிற ஞாயிறு நடக்கும் நீச்சல் மீட்டில் நூறு மீட்டரை ஒன்றரை நிமிடத்துக்குள் நீந்தினால் தொடரலாம். இல்லாவிட்டால் பரீட்சை முடியும்வரை நீச்சல் இல்லை. அதுவரை அவளுடைய மிகச் சிறந்த நேரம் ஒரு நிமிடம் முப்பத்தொரு செக்கன். ஒரு செக்கன்தானே என்று எனக்குத் தோன்றியது. மகள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அவளுடைய கோச் ஒரு சிங்களவர், நல்ல மனிதர், ஆனால் பிடிவாதம். நாலு கிளப்கள் சேர்ந்து நடத்தும் இப்படிச் சின்ன மீட்டுகளுக்கு அவர் யாருக்கும் ஓய்வு கொடுப்பதில்லை. பெரிய போட்டிக்குத்தான் ஓய்வு, சின்னப் போட்டி பயிற்சியின் ஒரு பகுதி, களைத்த கையோடு நீந்தப் பழகவேண்டும் என்பார். சனிக்கிழமை பின்னேரம்கூட முழுப் பயிற்சிதான். களைத்த பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நேரம் பார்க்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டுக் கதையை வெளியில் எடுப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. அதனால் வியாழக்கிழமை காலையில் மகளுக்குக் காய்ச்சல் என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பொய்யை அனுப்பினேன். மூன்று நாள் ஓய்வு கிடைத்துவிட்டது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அங்கேதான் நான் கோட்டைவிட்டேன். பின்னேரம் நாலு மணிக்குப் பிள்ளை வீட்டில் இருக்கிறாள் என்றால் எங்களுக்குக் கை சும்மா இருக்காது. வியாழன் பின்னேரம், விடுபட்ட கணித வகுப்புக்கு அனுப்பினேன். வெள்ளி விஞ்ஞானம். அதற்கு அவளுடைய அப்பாதான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணிவரை பழைய வினாத்தாள் எழுதும் பேப்பர் கிளாஸ், பின்னேரம் இன்னொரு கணிதம். சனம் நிரம்பிய மண்டபத்தில் மின்விசிறிக்குத் தூரமான மர வாங்கில் குந்தியிருந்து எழுதிவிட்டு, காலி நகருக்குப் போகும் பெருவீதியின் நெரிசலில் நடந்து, நாலு மாடி ஏறி வந்தாள். நான் ஆட்டெலும்பு சூப் வைத்துக் கொடுத்தேன். தண்ணீரில் இறங்காததால் அவள் ஓய்வாக இருக்கிறாள் என்று சத்தியமாக நம்பினேன்.

"அம்மா, நான் பேசாமல் பிறக்டிசுக்கே போயிருக்கலாம்," என்றாள் சனி இரவு.

"விசர்க்கதை கதையாத. ரெஸ்ட் எடுக்கிறாய் எல்லோ," என்றேன்.

ஞாயிறு காலை காய்ச்சல் விட்டுவிட்டது என்று கோச்சிடம் அடுத்த பொய்யைச் சொன்னேன். முதல் ஐம்பது மீட்டரில் மகள் முன்னால்தான் இருந்தாள். திரும்பி வரும்போது கைகள் கனத்துப்போனதைப் பார்வையாளர் படியில் இருந்தே கண்டேன். ஒரு நிமிடம் முப்பத்துமூன்று செக்கன். அவளுடைய சிறந்த நேரத்தைவிட இரண்டு செக்கன் கூட. சுவரைப் பிடித்தபடி அவள் நேரப் பலகையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

கோச் வந்து அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். காய்ச்சலால் துவண்ட பிள்ளையை நீந்தவிட்டது தன் பிழை என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன்: காய்ச்சல் இல்லை, ஒன்றரை நிமிடம், ஓ.எல்., வகுப்புகள்.

அவர் கோபிக்கவில்லை. "எனக்கு இது சின்ன மீட். இவளுக்குப் பெரிய மீட் என்று யாரும் சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் நானே ஓய்வு கொடுத்திருப்பேன்," என்றார். அவர் திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அவளுடைய அப்பா நேரத்தைக் கேட்டார். மகளே சொன்னாள். சொல்லிவிட்டு நீச்சல் பையிலிருந்து தொப்பியையும் கண்ணாடியையும் எடுத்துத் துடைத்து, அலுமாரியின் மேல்தட்டில் வைக்கப் போனாள்.

"இஞ்ச பாருங்கோ, இது அவள்ட நேரம் இல்ல," என்றேன். "மூண்டு நாளும் பிள்ளையைக் களைக்க வச்சது நான்."

அவர் மகளின் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை ஏத்திக்கொண்டு போனது நான் எல்லோ," என்றார். பிறகு மகளிடம் கேட்டார், "உனக்கு எத்தின நாள் ரெஸ்ட் வேணும்?"

அவள் அலுமாரிக் கதவைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பதினைந்து வருடத்தில் இப்படி ஒன்றை நாங்கள் அவளிடம் கேட்டதேயில்லை. பிறகு தொப்பியையும் கண்ணாடியையும் திரும்பவும் நீச்சல் பைக்குள் வைத்தாள்.