சகலையின் சத்தமில்லாத மூச்சு

கல் பட்டறையில் அவருக்கு ஆர்மோனியம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. குனிந்து நிமிர்ந்தால் போதும், நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சுருதி எழும்பும். சின்ன வயதிலிருந்தே வீசிங். அந்தப் பட்டப்பெயரைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் சகலையைப் பற்றித்தான்.

சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், அதே பட்டறையில் கல் அறுப்பவர். சமையல் மேடைக்கும் மாடிப்படிக்கும் போடுகிற கருங்கல் பலகைகளை அளவு பிசகாமல் அறுத்துத் தருவார். பட்டறையிலேயே மதிப்பான வேலை அது. அந்த இடத்துக்காக ஆர்மோனியம் ஆறு வருஷம் காத்திருந்தார். இடம் காலியானபோது முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் நெஞ்சு இப்பவே கச்சேரி பண்ணுது. அந்தத் தூசில நின்னா தாங்குமாய்யா? நீ பாலீஷ்லயே இரு."

பாலீஷ் போடுகிற இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், தூசு பறக்காது. அறுப்பு மிஷினுக்குத் தண்ணீர் இணைப்பு கிடையாது. வெள்ளைப் புகை மாதிரி கல்தூசு எழும்பும். வேலைக்கு வந்து இரண்டே வருஷம் ஆன சகலை அங்கே போய் நின்றார். அன்று ஆர்மோனியத்தின் வயிற்றில் பற்றிய நெருப்பு பிறகு அணையவே இல்லை.

இரண்டு குடும்பமும் ஒரே கட்டடத்தில்தான் குடியிருந்தன. ஆர்மோனியம் கீழ்த்தளம், சகலை மூன்றாவது மாடி. சாயங்காலம் சகலை படியேறும்போது, இவர் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். அந்த மூச்சில் ஒரு இழுப்பு இருக்காது, ஒரு விசில் இருக்காது. போதாததற்கு ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று யாரிடமோ போன் பேசிவிட்டுத்தான் ஏறுவார்.

"பெரிய மந்திரி! படியேற விடாம போன் வருது" என்று ஆர்மோனியம் முணுமுணுப்பார்.

"அவருக்கு நாலு பேரு பழக்கம் இருக்கு, பேசுறாரு. உங்களுக்கு ஏன் வேகுது?" என்பாள் மனைவி.

இப்படியே பத்து வருஷம் ஓடியது. ஒருநாள், பட்டறையில் கல் வாங்கும் கம்பெனி ஒன்று, வேலையாட்கள் எல்லோருக்கும் நுரையீரல் பரிசோதனை செய்துவிட்டுத்தான் அடுத்த ஆர்டர் என்று சொல்லிவிட்டது. முதலாளி எல்லோரையும் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

ஆர்மோனியத்தை முதலில் கூப்பிட்டார்கள். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கொடுத்து, "ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க!" என்று அந்தப் பெண் ஊழியர் கத்தினார். கண் பிதுங்க ஊதினார். காற்று ஓட்டைப் பலூனில் கசிவதுபோல் மெல்ல மெல்ல வந்தது. பிறகு ஒரு மருந்தை உறிஞ்சச் சொல்லி, கொஞ்ச நேரம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொன்னார்கள். இரண்டாம் தடவை காற்று தாராளமாக வந்தது.

அடுத்து சகலை. அவர் ஊதியது சட்டென்று முடிந்துவிட்டது. கண் பிதுங்கவில்லை, இருமல் இல்லை. 'இதுலயும் முந்திட்டான் பாரு' என்று ஆர்மோனியத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் சகலையின் விரலில், ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும் ஒரு கிளிப்பை மாட்டி, நீண்ட தாழ்வாரத்தில் ஆறு நிமிஷம் நடக்கச் சொன்னார். புறப்படும்போது தொண்ணூற்றைந்து காட்டிய எண், இரண்டாவது சுற்றில் தொண்ணூறு ஆனது. நான்காவது சுற்றில் எண்பத்து நாலு. சகலையின் உதடு நீலம் பூத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தார். மறுமுனையில் யாரும் இல்லை. என்றைக்குமே இருந்ததில்லை என்று ஆர்மோனியத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்து, முதலில் ஆர்மோனியத்திடம் பேசினார். "உங்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்குது. உள்ள போன காத்து வெளிய வரத் திண்டாடுது, அதான் சத்தம். மருந்து குழாயை விரிச்சுவிடும்." பிறகு சகலையின் பக்கம் திரும்பினார். "உங்களுக்குக் குழாய்ல கோளாறு இல்ல. நுரையீரலோட கோடியில சின்னச் சின்னக் காத்துப் பைகள் இருக்கு. அதோட சுவர் ரொம்ப மெல்லிசு. அதைத் தாண்டித்தான் பிராணவாயு ரத்தத்துல கலக்கும், கரியமில வாயு வெளிய வரும். கல்தூசு அங்க போய்த் தங்கிடுச்சு. சுவரெல்லாம் தழும்பாகித் தடிச்சுப் போச்சு. நுரையீரலும் முழுசா விரியல. உள்ள போற காத்துல இருக்கறது ரத்தத்துக்குச் சரியாப் போய்ச் சேரல."

"மருந்து இருக்குல்லம்மா?" என்றார் சகலை.

"தழும்பை எடுக்க மருந்து இல்லைங்க. இனிமே தூசு பக்கமே போகக் கூடாது."

வெளியே வந்ததும் சகலை படிக்கட்டில் உட்கார்ந்தார். "அண்ணே, வீட்ல சொல்லிடாதீங்க. நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "உங்களுக்கு ஒரு உறிஞ்சு உறிஞ்சினா தெறந்துக்குது. உங்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுதுண்ணே" என்றார்.

இந்த ஒரு வார்த்தையைச் சகலையின் வாயிலிருந்து கேட்க ஆர்மோனியம் எவ்வளவோ நாள் ஏங்கியதுண்டு. கேட்டபோது, கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

அதோடு நின்றிருந்தால் நல்ல மனிதர் என்று பெயர் வாங்கியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "டாக்டர் என்ன சொன்னாங்க? தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இருக்காது. இரும்பு உடம்பு. உங்களை நெனச்சாத்தான் பயமா இருக்கு."

பத்து வருஷப் புகைச்சல் வாயைத் திறந்துகொண்டது. "இரும்பா? உன் தங்கச்சி புருஷனுக்கு நெஞ்செல்லாம் கல்லுடி! நாலு சுத்து நடந்ததுக்கே உதடு நீலமாப் போச்சு. எனக்கு இருக்கற மூச்சுகூட அவனுக்கு இல்ல."

சொல்லி முடிப்பதற்குள் மனைவி செருப்புகூடப் போடாமல் மாடிக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து கொழுந்தியாள் அழும் குரல் மூன்று மாடி தாண்டிக் கேட்டது. ஆர்மோனியம் கதவைச் சாத்திக்கொண்டார். அவமானம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் பட்டறையில் சகலை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "பக்குவமாச் சொல்றேன்னு சொன்னேன்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். ஆர்மோனியம் நேராக முதலாளியின் அறைக்குப் போனார்.

"அவருக்கு அளவு எடுக்கற மேசைல வேலை குடுங்க. அந்த மிஷினுக்குத் தண்ணிக் குழாய் போடுங்க. போடுற வரைக்கும் பாலீஷும் ஓடாது."

"நீ யாருய்யா சொல்றதுக்கு?"

"ஆர்மோனியம்தான். ஆனா இன்னிக்கு வாசிக்க மாட்டேன்."

மூன்று நாள் பட்டறை முழுக்க மிஷின் ஓடவில்லை. மற்றவர்களும் தங்கள் எக்ஸ்ரேயை நினைத்துப் பயந்துபோய்ச் சேர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான்காம் நாள் குழாய் போட ஆள் வந்தான். சகலை அளவு மேசைக்கு மாறினார்.

அவர் ஆர்மோனியத்தோடு மறுபடி பேச ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பேசியதும் பெரிதாக ஒன்றுமில்லை: "செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரி போகணும். கூட வர்றீங்களா?"

அதிலிருந்து இருவரும் சேர்ந்தே போய் வந்தார்கள். ஒருமுறை டாக்டரம்மா காகிதங்களைப் புரட்டிவிட்டு, ஆறு மாதமாகச் சகலையின் எண் இறங்கவில்லை என்றார். ஏறவும் ஏறாது என்பது இருவருக்கும் தெரியும். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது. "நீங்க உக்காருங்க, காத்து வரும்" என்று ஆர்மோனியம் விட்டுக்கொடுத்தார். ஜன்னலோரம் அவருக்கும் பிடிக்கும். உள்ளே சின்னதாக ஒரு புகைச்சல் இருக்கத்தான் செய்தது.