தடுப்புக்கு அந்தப் பக்கம் போன மானிட்டர்

பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் விஜயராணி பிரிண்ட் டிசைனராக இருந்தாள். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையர் அனுப்புகிற படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, சிவப்பைத் தனியாக, நீலத்தைத் தனியாக என்று நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. அப்படிப் பிரித்தால்தான் டீ-ஷர்ட்டின் நெஞ்சில் அச்சடிக்க முடியும். ஒரே மானிட்டரில் பையரின் படத்தைப் பார்ப்பதும், அதை மூடிவிட்டுத் தன் வேலையைத் திறப்பதுமாக இருந்ததில், சாயங்காலமானால் கண் இரண்டும் மிளகாய் பட்டதுபோல் எரியும்.

அருப்புக்கோட்டைப் பக்கம் மழை இல்லாமல் போன வருஷங்களில் பிழைக்க வந்த குடும்பம் அவளுடையது. அப்பா இல்லை. அம்மா ராமாயி வேறொரு கம்பெனியில், தைத்த துணியில் பழுது பார்க்கிற செக்கிங் வேலை. விஜயராணி பள்ளிக்கூடம் முடித்ததும் டெய்லர் பக்கத்தில் நின்று துணியைக் கைமடித்துக் கொடுக்கப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டிசைனிங் கோர்ஸ் படித்து, ஏ.சி. அறைக்குள் ஒரு நாற்காலியைப் பிடித்தாள். சும்மா வந்த நாற்காலி இல்லை அது.

இன்னொரு மானிட்டர் வேண்டும் என்று மேனேஜர் முருகவேலிடம் அவள் பல தடவை கேட்டாள். அவர் முதலாளி ஆறுமுகசாமியின் மச்சான். ஒவ்வொரு தடவையும் "பாக்கலாமுங்க" என்பார். மரியாதைக்கு மட்டும் குறைவில்லை. கடைசியில் ஒரு சாம்பிளில் நீலம் மாறிப்போய்ப் பையர் திருப்பி அனுப்பியபோதுதான் முதலாளியே வாங்கச் சொன்னார்.

சர்வீஸ்காரர் கன்னையன் வந்து கம்ப்யூட்டரைத் திறந்து, இரண்டு மானிட்டர் மாட்டுகிற கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தினார். புது மானிட்டர் எரிந்தது. ஆனால் முதலாவதில் இருந்த அதே காட்சிதான் அதிலும் தெரிந்தது. விஜயராணிக்கு முகம் விழுந்துவிட்டது. கன்னையன் சிரித்துக்கொண்டே செட்டிங்கில் ஒன்றை மாற்றினார். இப்போது மவுஸ் அம்பு முதல் திரையின் ஓரத்தைத் தாண்டி அடுத்ததற்குள் போனது. அவள் ஒரு படத்தைப் பிடித்து இழுத்தாள். பாதி இங்கேயும் பாதி அங்கேயுமாக நின்றது. அன்றைக்கெல்லாம் அவளுக்குக் கண் எரியவில்லை.

சில வாரம் நன்றாகப் போனது. ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தால் மேஜையில் பழைய மானிட்டர் மட்டும் இருந்தது. புதியதில் டிஸ்பிளே போய்விட்டது, சர்வீஸுக்கு அனுப்பியிருக்கிறது என்றார் முருகவேல். அவளும் நம்பினாள். மறுபடியும் ஒன்றை மூடி ஒன்றைத் திறக்கிற பாடு தொடங்கியது.

அந்த வாரம் ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில், அவளுக்குப் பார்த்திருந்த ராஜபாளையத்து மாப்பிள்ளையின் போட்டோவை அத்தை மகன் மெயிலில் அனுப்பியிருந்தான். தனியாக இருக்கிறோம் என்று அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீஸில் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிறகு பிரிண்ட் சாம்பிளை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனபோது அங்கே இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

முருகவேல் சாம்பிளைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். "ஏனுங்க விஜயராணி, மாப்பிள்ளை நல்லாத்தானுங்க இருக்கறாரு? அத்தன நேரம் என்ன ரோசன?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. திரும்பி வந்து, மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தாள். கிராபிக்ஸ் கார்டிலிருந்து இரண்டு கேபிள்கள் போயின. ஒன்று அவள் மானிட்டருக்கு. மற்றொன்று, இரண்டு அறைக்கும் நடுவே இருந்த பிளைவுட் தடுப்பில் போட்டிருந்த ஓட்டை வழியாக மேனேஜர் அறைக்குள் போனது.

அப்படியானால் அக்காவுக்கு மெயிலில் அம்மாவின் கர்ப்பப்பை ஆபரேஷன் பற்றி எழுதியதை அந்த ஆள் படித்திருக்கிறான். ஒவ்வொரு எழுத்தாக, அவள் அடிக்க அடிக்க. கேட்டிருந்தால் தன் வேலையை அவளே காட்டியிருப்பாள். ஒளித்துச் செய்ய அதில் என்ன இருந்தது? மானம் கெட்ட வேலையை அவன் செய்துவிட்டு, கூசிப்போய் உட்கார வேண்டியவள் அவளா?

எழுந்து நேரே உள்ளே போனாள். முருகவேலின் மேஜையில் இருந்த மானிட்டரை, நின்றிருந்தவர்கள் பக்கம் திருப்பினாள். அவள் பாதி பிரித்து வைத்திருந்த டிசைன் அதில் அப்படியே தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. கேபிளைக் கழற்றினாள். கனத்த பெட்டி மானிட்டர். நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, ஹால் முழுவதும் பார்க்க நடந்து வந்து, தன் மேஜையில் வைத்தாள்.

முதலாளி அவளையும் முருகவேலையும் கூப்பிட்டார். வயசுப் பிள்ளைகள் வேலை நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது தன் பொறுப்பு என்றார் முருகவேல்.

"ஏங்கண்ணு, கம்பெனி மிசின்தான? மேனேஜர் பாத்தா என்ன இப்ப?" என்று கேட்டார் ஆறுமுகசாமி.

"பாக்கணும்னா எம் பக்கத்துல வந்து நின்னு பாக்கட்டும் சார். ரிப்பேருன்னு பொய் சொல்லிட்டு, செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒளிஞ்சு உக்காந்து எதுக்குப் பாக்கணும்? உங்க வீட்டுப் பொண்ணு வேல பாக்குற எடத்துல ஒருத்தன் இப்படிச் செஞ்சா சும்மா இருப்பீகளா?"

ஆறுமுகசாமி மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தபடியே, போய் டிசைனை முடிக்கச் சொன்னார். அவ்வளவுதான். மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கன்னையனுக்குப் போன் போட்டாள். மேனேஜர் தன் அறையில் மாட்டச் சொன்னார், மாட்டிக் கொடுத்தேன், உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன் என்று அவர் இழுத்தார். பழைய செட்டிங்கை அவளே தேடிப் பிடித்து மாற்றிக்கொண்டாள். தடுப்பில் இருந்த ஓட்டையில் கட்டிங் வேஸ்ட் துணியைத் திணித்து அடைத்தாள்.

மானிட்டர் அவளிடமே இருந்தது. ஆனால் அந்த வருஷம் எல்லோருக்கும் சம்பளம் உயர்ந்தபோது அவளுக்கு உயரவில்லை. ராஜபாளையத்துச் சம்பந்தம் ஜாதகம் சேராமல் நின்றுபோனது. ஆபீஸில், இவ வாய்க்கு எவன் வருவான் என்று பேசிக்கொண்டார்கள். பிழைக்க வந்த இடத்தில் எதற்கு இந்த வீம்பு என்று அம்மாவும் சொன்னாள். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக வந்தது. தப்பு செய்தவனை விட்டுவிட்டு ஆளாளுக்கு அவளுக்கே புத்தி சொன்னார்கள்.

ஆயுத பூஜை அன்று முதலாளி எல்லோருக்கும் பொரியும் சுண்டலும் கொடுத்தார். அவள் முறை வந்தபோது, பக்கத்தில் நின்ற விருந்தாளியிடம், "இந்தப் புள்ள வேலைல கெட்டிங்க. கோவந்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று பெருமைபோல் சொல்லிச் சிரித்தார். பின்னால் நின்ற முருகவேலும் சிரித்தார். விஜயராணி பொரியை வாங்கிக்கொண்டாள். சிரிக்கவில்லை.