தொண்டையைத் தொட்டால் தண்ணீர் என்று நினைத்தேன்

போன ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், என் வீட்டுக்காரர் என் கண்ணெதிரே மூச்சுவிட முடியாமல் தவித்தார். போய்விடுவார் என்றே நினைத்தேன். கர்த்தர் அவரை எனக்குத் திருப்பித் தந்த விதத்தை உங்களுக்குச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றிகெட்டவள்.

நாங்கள் சோமனூரில் எட்டு விசைத்தறி ஓட்டுகிறோம். அவர் தறியைப் பார்ப்பார், நான் நூல் சுற்றுவேன். எட்டும் ஓடும்போது குடோனுக்குள், அதாவது தறிக் கொட்டகைக்குள், காதருகே கத்தினாலும் கேட்காது. இருபது வருஷக் குடித்தனத்தில் பாதிப் பேச்சைக் கையால்தான் பேசியிருக்கிறோம். இரண்டு விரலைக் காட்டினால் இரண்டாம் தறியில் நூல் அறுந்திருக்கிறது. தொண்டையைத் தொட்டால் தண்ணீர் வேண்டும். சண்டைகூடச் சைகையில்தான். அதில் நான்தான் ஜெயிப்பேன்.

அன்று நாலரை மணிக்கு முட்டை போண்டா வாங்கி வந்தேன். அவர் வழக்கம்போல நின்றபடியே, தறியைப் பார்த்துக்கொண்டே தின்றார். திடீரென்று என் பக்கம் திரும்பித் தொண்டையைத் தொட்டார். சொம்பை நீட்டினேன். வாங்கவில்லை. இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்தார். கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கிக் குடிக்க வலிக்கிறதாக்கும் என்று எரிச்சல்பட்டு, நானே அவர் வாயில் ஊற்றினேன். அத்தனையும் கடைவாயில் வழிந்தது. முகம் கருத்துக்கொண்டு வந்தது. கால் மடங்கி, தறியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மாரடைப்பு என்று நினைத்தேன்.

சபையில் ஜெபிக்கும்போது "நீர்", "உம்மை" என்று அழகாகப் பேசுகிறவள்தான் நான். அன்று அதெல்லாம் வாயில் வரவில்லை.

"ஏனுங்க ஏசப்பா! ஏதாச்சும் பண்ணுங்க!"

வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரியே ஆண்டவரையும் கூப்பிட்டுவிட்டேன்.

கரண்ட் போனது.

எட்டுத் தறியும் நின்றன. அந்த அமைதியில்தான் கவனித்தேன், அவரிடமிருந்து சத்தமே வரவில்லை. இருமல் இல்லை. மூச்சு இழுக்கிற சத்தம்கூட இல்லை. "ஏனுங்க, பேசுங்க!" என்றேன். வாய் அசைந்தது, குரல் வரவில்லை.

சட்டென்று எங்கள் சபையின் கிருபா அக்கா ஞாபகத்துக்கு வந்தார். அவர் நர்ஸ். ஈஸ்டர் முடிந்து ஒரு மகளிர் கூட்டத்தில் முதலுதவி சொல்லிக்கொடுத்திருந்தார். "பேச முடியல, இரும முடியலைன்னா தொண்டைல அடைச்சிருக்குதுன்னு அர்த்தமுங்க. தண்ணி ஊத்திப்போடாதீங்க. குனிய வெச்சு முதுகுல தட்டுங்க. அப்பவும் வரலைன்னா பின்னாடி நின்னு கட்டிப் புடிச்சு வயித்த அமுக்கோணும்" என்றார். "இந்த வயசுல கட்டிப் புடிக்கறதுங்களா அக்கா?" என்று கேட்டுக் கூட்டத்தையே சிரிக்கவைத்தது நான்தான்.

அவரைக் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை ஓங்கித் தட்டினேன். வரவில்லை. பின்னால் நின்று கட்டிக்கொண்டு, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, மறு கையால் அதைப் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாக வெடுக்கென்று இழுத்தேன். என் கூச்சல் கேட்டுப் பக்கத்துக் குடோன்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். வெட்கமாவது ஒன்றாவது! நான்காவது இழுப்பில் முட்டைத் துண்டு தெறித்து வெளியே விழுந்தது. அவர் இருமினார். அந்த இருமலைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

"உட்டா எலும்பயே ஒடச்சுபோடுவ போல, அம்மணி" என்றார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

வயிற்றை அப்படி அமுக்கினால் உள்ளே அடிபட்டிருக்கலாம், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றும் அக்கா சொல்லியிருந்தார். உடனே கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது எங்கள் குடோனில் தறியை நிறுத்திவிட்டு, உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். தண்ணீருக்குக் கட்டைவிரலைக் காட்டுகிறோம். இரண்டு கையும் தொண்டைக்குப் போனால் ஓடி வர வேண்டும் என்று அக்கம்பக்கத்துக் குடோன்களுக்கெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். கிருபா அக்கா வகுப்பு எடுக்கும்போது முன்வரிசையில் உட்காருகிறேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் துணி முடித்துக் கொடுத்தாக வேண்டிய வாரம் அது. அன்று காலை முழங்காலில் நின்று நான் கேட்டது என்ன தெரியுமா? "ஆண்டவரே, இன்றைக்கு ஒரு நிமிஷம்கூடக் கரண்ட் போகக் கூடாது" என்றுதான் கேட்டேன். அதை அவர் அப்படியே தந்திருந்தால் நான் இன்று விதவை.

பிரியமானவர்களே, கேட்டது கிடைக்கவில்லை என்று மனம் சோர்ந்திருக்கிறீர்களா? அவரை நம்புங்கள். அவர் மறுத்ததற்காகவும் ஸ்தோத்திரம் சொல்லுகிற நாள் உங்களுக்கும் வரும்.