குறிப்புக்கு ஒரு கட்டம்

சுஜீந்திரன் எங்கள் சமையற்கூடத்துக்கு வந்தால் யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவார். நான் முதலில் கவனித்தது அதைத்தான். முப்பது வயது, மென்பொருள் வேலை, ஈசூன் வட்டாரத்தில் அம்மாவோடு இருக்கிறார். எதைக் கொடுத்தாலும் நின்றுகொண்டே சாப்பிடுவார்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் எங்களுடையது சைவச் சமையல். விசேஷ வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்புகிறோம். ஆர்டரை இணையத்தில் ஆங்கிலத்தில் தட்டவேண்டும், வயதானவர்கள் திணறி எங்களுக்குப் போன் செய்வார்கள், கடையில் யாராவது தட்டிக் கொடுப்போம். தமிழில் பேசினாலே ஆர்டர் எடுத்துக்கொள்கிற ஏஐ உதவியாளரை அமைக்க முதலாளி இவரை அழைத்திருந்தார்.

"புதுசா ஒண்ணும் கட்டப் போறதில்லக்கா. பழைய சிஸ்டம் என்னென்ன செய்யும், ஒவ்வொண்ணுக்கும் என்ன விவரம் கொடுக்கணும்னு ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கு. ஆர்டர் போடுறது, தேதி மாத்துறது எல்லாம். அத ஒவ்வொண்ணையும் ஏஐ எடுத்துப் புழங்கற கருவியா மாத்திடுவேன்."

"அண்டா பக்கத்துல கரண்டியெல்லாம் எடுத்து வைக்கிற மாதிரியா?"

"அதேதான் லா. நீங்களே புரோகிராமர் ஆயிடலாம்."

"ஆறாவதோட நின்னவ தம்பி நான்."

ஏஐ ஆர்டர் எடுத்த முதல் நாள் வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்குச் சீட்டு அச்சாகி வந்தது. குவீன்ஸ்டவுன் இரஞ்சிதம் அம்மா, முப்பது பேர், சாம்பார், பொரியல், வடை, பாயசம். அவ்வளவுதான். திருப்பிப் பார்த்தேன், பின்னாலும் ஒன்றுமில்லை.

வருஷா வருஷம் இந்த மாதம் அவர் கணவருக்குத் திதி. வெங்காயம், பூண்டு கூடாது. அதைச் சொல்லாமல் அந்த அம்மா போனை வைக்கமாட்டார். இந்தப் பக்கமோ உரித்த வெங்காயம் குவிந்து கிடந்தது. முருகா என்று அடுப்பை அணைத்துவிட்டு, அரிசி மூட்டைமேல் கணினியை வைத்துக்கொண்டிருந்த சுஜீந்திரனிடம் சீட்டை நீட்டினேன்.

அந்த அம்மா பேசியதை எடுத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மூணு தடவ சொல்லியிருக்காங்கக்கா. ஏஐக்கும் புரிஞ்சிருக்கு. ஆனா அத எழுத இடமில்ல."

பழைய பட்டியலில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்ததாம். நிரப்பினாலும் சரி, விட்டாலும் சரி என்று போட்டிருந்ததாம். கருவி சின்னதாக இருக்கட்டும் என்று, கட்டாயமானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டிருக்கிறார். நாங்களோ படையல், நோன்பு, வெங்காயம் வேண்டாம் என்று எல்லாவற்றையும் அந்தக் கட்டத்தில்தான் எழுதி வந்தோம்.

"என் தப்புக்கா. நாளைக்கும் ரெண்டு பேரு இதே மாதிரி சொல்லியிருக்காங்க."

"அண்டாவுல இன்னும் ஒண்ணும் போடல தம்பி. மொதல்ல தண்ணி குடிங்க."

அந்த இரண்டு பேர் சொன்னதையும் கையால் எழுதிக்கொண்டேன். வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு, அண்டாவைக் கழுவிப் பருப்பு ஏற்றினேன். அதற்குள் அவர் கட்டத்தைத் திரும்ப வைத்துவிட்டு, அது எதற்கு என்று ஏஐக்கு விளக்கம் எழுத வேண்டும் என்றார்.

"நீங்க சொல்லுங்கக்கா, நான் தட்டுறேன்."

"சமைக்குமுன் பார்க்க வேண்டியது. எது கூடாது, யாருக்குப் படையல் என்று கேட்டு எழுது. கேட்காமல் விடாதே."

ஓர் எழுத்து மாற்றாமல் தட்டினார். பிறகு கிழவி மாதிரி குரலை மாற்றி அவரே ஓர் ஆர்டர் சொன்னார். சீட்டின் அடியில் 'வெங்காயம், பூண்டு வேண்டாம்' என்று வந்தது. சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பகல் ஒரு மணிக்கு இரஞ்சிதம் அம்மா கூப்பிட்டார். "படையல் போட்டாச்சு பஞ்சவர்ணம். பிள்ளைங்க சாப்பிடுதுங்க. அந்த ஏஐ நல்லாத்தான் பேசுது, சொன்னத எழுதிக்கிச்சான்னுதான் சந்தேகமா இருந்துச்சு."

"இனிமே எழுதிக்கும்மா," என்றேன்.

அன்றுதான் சுஜீந்திரன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அதே சாம்பாரை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.