முத்துவின் முடி அறுந்த இடம்

1. டேபிள் மேல்

தளி ரோட்டில் இருந்த அந்தப் பண்ணையில் அல்பாகா முடியைத் தரம் பிரிப்பது என் வேலை. அல்பாகாவுக்குக் கழுத்து ஒட்டகத்தைப் போல நீண்டிருக்கும், உடம்பில் ஆட்டைப் போல முடி மண்டியிருக்கும். சுற்றுவட்டாரத்தில் அதற்கு 'ஒட்டக ஆடு' என்றுதான் பெயர். அதற்கு முன்னால் ஓசூரில் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கிற க்யூ.சி.யாக இருந்தேன். நூலை இழுத்து இழுத்துப் பழகிய கை என்பதால்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்.

வருடத்துக்கு ஒரு முறை, வெயில் ஏறுவதற்கு முன்னால் முடி வெட்டுவோம். அந்த வருடம் முத்துவின் முடி டேபிளுக்கு வந்ததும் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள். முத்து வெள்ளைப் பெட்டை. பண்ணையிலேயே மெல்லிய முடி அவளுடையது. சால்வை நெய்கிற பெங்களூர் அம்மா ஒருவர் மறுநாள் வந்து பார்ப்பதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் பண்ணைக்கு வருடா வருடம் ஆர்டர் நிச்சயம்.

விலாப் பக்கத்திலிருந்து ஒரு கொத்து எடுத்தேன். இதை ஸ்டேபிள் என்போம். கிரிம்ப், அதாவது முடியில் ஓடுகிற நெளி, அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக இருந்தது. பளபளப்புக்கும் குறைவில்லை. கடைசிச் சோதனை காதுக்கு. கொத்தின் இரண்டு முனையையும் பிடித்துக் காதோரம் வைத்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். நல்ல முடி 'டிங்' என்று சொல்லும்.

முத்துவின் முடி சடசடத்து என் கையிலேயே இரண்டாகப் போய்விட்டது.

வேறு கொத்து எடுத்தேன். அதுவும் அதே இடத்தில் அறுந்தது. தொழிலில் இதற்கு டெண்டர் என்று பேர். மெஷினில் சீவும்போதே துண்டு துண்டாகிவிடும். சால்வைக்கு ஆகாது, தலையணைக்குள் அடைக்கலாம்.

"என்ன மேரிம்மா, மூஞ்சியே சரியில்ல?" என்றார் முதலாளி.

"முத்து முடி டெண்டர் சார்."

"சும்மா இருங்க. போன வருஷம் அதுதானே டாப்பு?"

"நீங்களே இழுத்துப் பாருங்க."

இழுத்தார். அதே இடத்தில் அறுந்தது. சின்னப் பிள்ளை பொம்மையை உடைத்துவிட்டு விழிப்பது போல விழித்தார்.

2. துப்பினால் சினை

முத்துவுக்கு ஒரு தங்கை உண்டு, பவளம். செம்பழுப்பு நிறம். முடி கொஞ்சம் முரடு, ஆனால் குணத்தில் தங்கம். இரண்டும் ஒரே தாய்க்கு அடுத்தடுத்துப் பிறந்தவை. தின்பது, படுப்பது, வெயில் காய்வது எல்லாம் ஒட்டிக்கொண்டுதான். தீபாவளி முடிந்த கையோடு பவளத்தை ஜூஜுவாடி தாண்டி, அத்திப்பள்ளி பக்கத்து ரிசார்ட் ஒன்றுக்கு முதலாளி விற்றுவிட்டார். பிள்ளைகள் கூட நின்று போட்டோ எடுக்கச் சாதுவான பிராணி வேண்டுமாம். முடி முரடு என்று தரம் எழுதிக் கொடுத்தது நான்தான் என்பதால், விற்பதற்கு அவளைத் தேர்ந்தெடுக்க அவருக்கு யோசனையே தேவைப்படவில்லை.

வண்டி போன பிறகு முத்து கேட்டருகே போய் நின்றுகொண்டாள். அல்பாகா கத்தாது. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகும். அதை நாள் முழுக்க முனகினாள். தீனியைப் பாதியில் விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அவளைக் கிடா ராஜாவிடம் விட்டோம். சில வாரம் கழித்து மறுபடி கிடாவைப் பக்கத்தில் கொண்டுபோனால், சினைப்பட்ட பெட்டை முகத்திலேயே துப்பி விரட்டிவிடும். உலகம் முழுக்க அல்பாகா வளர்ப்பவர்கள் செய்கிற சோதனை இது. முத்து துப்பினாள் பாருங்கள், ராஜா கொட்டகை மூலைக்கே ஓடிவிட்டான்.

கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற நாகப்பாவுக்கு வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மேரியக்கா, நோடி, பாருங்க, எப்படித் துப்பறா! சினைதான், சந்தேகமே பேடா!"

"தீனி எடுக்கலையே நாகப்பா?"

"மசக்கை அக்கா. பொம்பளைங்க நீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

எல்லோரும் சிரித்தோம். அவள் தின்னாததும், தனியாக நின்றதும், துப்பியதும் எல்லாமே சினைக் கணக்கில் போயிற்று. நாகப்பா அவளுக்கென்று தனியாகக் கேழ்வரகுத் தட்டை நறுக்கிப் போட்டார். முதலாளி குட்டிக்குப் பெயர்கூட யோசித்து வைத்துவிட்டார்.

3. நுனியும் அடியும்

முடி அறுந்த அன்றே டாக்டரை வரவழைத்து ஸ்கேன் வைத்தோம். வயிற்றில் ஒன்றும் இல்லை.

"அப்ப ஜுரம் வந்திருக்கும். மழைக்காலத்துல கவனிக்காம விட்டுட்டீங்க" என்று முதலாளி நாகப்பா மேல் பாய்ந்தார்.

"இல்ல சாமி, ஜுரமே வரல. தினமும் தொட்டுப் பாக்கறேன்ல?"

அறுந்த கொத்தை முதலாளி முன்னால் டேபிளில் வைத்தேன். முடியின் நுனி போன முடிவெட்டுக்குப் பிறகு முதலில் வளர்ந்தது. அடி, நேற்று வளர்ந்தது. உடம்பு வாடுகிற நாளில் வளர்கிற முடி மெலிந்துபோகும், பிறகு தேறினாலும் அந்த இடம் மெலிந்தபடியே நிற்கும்.

"இது சித்திரை, இது ஆடி" என்று விரலை நுனியிலிருந்து நகர்த்திக்கொண்டே வந்தேன். "அறுந்த இடம் இது. என்ன மாசம் வருது, நீங்களே சொல்லுங்க சார்."

அவர் கணக்குப் போட்டார். "தீபாவளி..."

"பவளத்தை வண்டி ஏத்தின மாசம். இவ துப்பினது சினையில இல்ல சார், யாரும் கிட்ட வராதீங்கன்னு துப்பியிருக்கா. பவளத்தைத் திரும்பக் கொண்டாந்துடுங்க."

"ஆட்டு ஜாதிக்கு ஏதும்மா பாசம் கீசம்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும் சிங்காரப்பேட்டையில் ஒரு தங்கை. கல்யாணமாகிப் போன பிறகு அவளைக் கிறிஸ்துமஸுக்குப் பார்ப்பதோடு சரி. அதையெல்லாம் அவரிடம் கொட்டிவிட்டேன். முதலாளியிடம் பேசுகிற பேச்சா அது? நாகப்பா என் முந்தானையை இழுக்காத குறை.

4. கேட்டது கிடைத்தது

முதலாளி கல்நெஞ்சக்காரர் கிடையாது. பெங்களூர் அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே ரிசார்ட்டுக்குப் போன் போட்டார். அவர்கள் பவளத்தைத் தர மாட்டோம் என்றார்கள். பிள்ளைகள் அவளைத் தேடித்தான் வருகிறார்களாம். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதானே மேரிம்மா?"

"ஆமா சார்."

"அப்ப முத்துவை அங்க அனுப்பிடறேன்."

அவ்வளவு வழக்காடியதும் நான், சாட்சி வைத்ததும் நான். இப்போது மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? வண்டியில் அவளை ஏற்றியபோது கழுத்தை ஒரு முறை தடவிக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் யாருடைய முடியையோ தரம் பிரித்தேன். என்ன தரம் எழுதினேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

5. டிங்

அடுத்த வருடம், அந்த ரிசார்ட்டில் முடி வெட்டுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் ஏறினேன். மற்றவர்களைப் போல டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனேன். இரண்டும் நிழலில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுத்திருந்தன. "முத்து" என்றேன். தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு பவளத்தின் முதுகில் கழுத்தைப் போட்டுக்கொண்டாள்.

அங்கே அவற்றைப் பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் சொல்லிவிட்டு, விலாவிலிருந்து ஒரு சின்னக் கொத்து வெட்டிக் காதோரம் இழுத்தேன்.

டிங்.

"என்னாம்மா சொல்லுது?" என்று அந்த அம்மா சிரித்தார்.

"நல்லா இருக்கேன்னு சொல்லுது."

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். முடி அறுந்தால் தீனியைப் பாருங்கள், ஜுரத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, அந்தச் சமயத்தில் கொட்டகையிலிருந்து யாரைக் கொண்டுபோனார்கள் என்றும் கேளுங்கள்.

அதன் பிறகு எத்தனையோ நல்ல முடி என் டேபிளுக்கு வந்தது. எதுவும் முத்துவின் முடி ஆகவில்லை. அன்றைக்குக் கேட்டதுதான் நான் கேட்டதிலேயே நல்ல சத்தம். அன்று திரும்பும்போது பஸ் ஜூஜுவாடி தாண்டுகிற வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். ஓசூரில் இறங்கியவன் எவனோ, "அக்கா, ஸ்டாண்டு வந்துடுச்சு" என்றான். நான் வீட்டுக்குப் போகாமல் தங்கை இருக்கிற சிங்காரப்பேட்டைக்குப் போக எந்த பஸ் என்று விசாரித்தேன்.