ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்கள்

வியன்னாவில் தனியாக மேடையேறும் பியானோ கலைஞர் இசைக்குறிப்புப் புத்தகம் பார்த்து வாசித்தால் ஊரே சிரிக்கும். ஒட்டிலியே அம்மாள் மட்டும் புத்தகத்தை விரித்துவைத்துத்தான் வாசிப்பார். கேட்டால், இசையை எழுதினவருக்குத் தரும் மரியாதை என்பார். அவர் தலையசைத்ததும் பக்கத்தில் இருக்கும் போல்டி தாளைப் புரட்டவேண்டும். பத்தொன்பது வருடமாக போல்டியின் பிழைப்பும் பெருமையும் அதுதான். கைதட்டல் கிடையாது, தவறினால் திட்டு மட்டும் உண்டு.

அன்று ஷூபர்ட்டின் நீண்ட சொனாட்டா. நடுவே இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே புரண்டுவிட்டன. போல்டிக்கு உயிரே போய்விட்டது. திருப்பிப் போடக் கை நீட்டியவர் அப்படியே நின்றார். எதிரில் இல்லாத பக்கத்தை அம்மாள் பிசிறில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார். கண்கள் புத்தகத்தின் மேலேயே இருந்தன. பக்கம் முடியவேண்டிய இடத்தில் தலையும் சரியாக அசைந்தது.

இடைவேளையில் போல்டி அறைக் கதவைச் சாத்தினார்.

"அம்மா, ரெண்டு தாளு சேந்து புரண்டுச்சே, பாக்கலையா?"

"பாக்கறதுக்குக் கண்ணு வேணுமே போல்டி. அது போயி ஏழு வருஷமாச்சு."

"ஏழு வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்கீங்க! மேடைக்கு என்னை முன்னாடி போகச் சொன்னதும் அதுக்குத்தானா?"

"உன் பூட்ஸ் சத்தம் கேட்டுத்தான் பின்னாடி வரேன். புதுசு கிதுசு வாங்கித் தொலைக்காத." சிரித்தவர் சட்டென்று போல்டியின் கையைப் பிடித்தார். "வெளிய தெரிஞ்சா எவனும் சங்கீதம் கேக்க வரமாட்டான். ஐயோ பாவம் குருடின்னு உச்சு கொட்டத்தான் வருவான். நான் செத்தாலும் சொல்லாத."

போல்டி சத்தியம் செய்தார்.

நான்கு வருடம் கழித்து அம்மாள் இறந்தார். நினைவுக் கூட்டத்தில் இசைப்பள்ளித் தலைவர் நெஞ்சை நிமிர்த்திப் பேசினார். "அம்மா காட்டின வழியிலதான் எங்க பள்ளி நடக்குது. இனி யாரும் புத்தகம் இல்லாம வாசிக்கக் கூடாது. நேத்துகூட, மனப்பாடமா வாசிச்ச பொண்ணைத் தேர்வுல பெயிலாக்கிட்டோம். அதோ உக்காந்திருக்கு, அழுதுக்கிட்டு!"

போல்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அம்மா கண்ணு தாளை விட்டு விலகினதே இல்ல. என்ன போல்டி, நீங்களே சொல்லுங்க!"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணும் பார்த்தாள். போல்டி எழுந்தார்.

"விலகினதே இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கம் பார்க்கத் தைரியமில்லாமல் உட்கார்ந்தார்.