கழலும் நட்டும் கண்ணாடிக்கடை மாப்பிள்ளையும்

தனக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்பதில் அந்த மெக்கானிக்குக்கு மூன்று பேர் மேல் சந்தேகம் உண்டு. மூவரில் ஒருவர் செத்துப் பத்து வருடமாகிறது. ஆனாலும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. மெக்கானிக்கின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். இரும்பில் மயிரிழை விரிசல் தேடத்தான் வாங்கினார். பிறகு பால் பாக்கெட்டின் தேதி, மின்சார பில், பேசிக்கொண்டிருப்பவரின் முகம் என்று அதன் வேலை பெருத்துவிட்டது.

அவர் யோசிக்காமல் செய்த ஒரே காரியம் ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியது. காருக்கு வயது அறுபது. இரண்டே சீட், கூரை கிடையாது, கம்பிச் சக்கரம். ஒரு கோழிக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்து, வீட்டுப் பின்பக்க ஷெட்டில் நான்கு வருடம் பிரித்துப் போட்டார். பிரித்த சாமான்களை அட்டைப் பெட்டிகளில் வைத்துச் சீட்டு ஒட்டினார். சீட்டில் எழுதியது எதுவும் உண்மையில்லை. இடது என்று எழுதியிருந்தால் உள்ளே வலது. “எவனாவது தூக்கிட்டுப் போனாக்கூட மாட்டத் தெரியாம முழிக்கணும்” என்பது ஏற்பாடு. ஓட்டைக் கார்பரேட்டரைத் திருட யார் வரிசையில் நிற்கிறார்கள் என்று மனைவி கேட்டார். அந்தக் கேள்வியையும் அவர் குறித்து வைத்துக்கொண்டார்.

இப்போது கார் தயார். கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவுக் கம்பி, புது பெல்ட், எண்ணெய் மூடி தானாகக் கழலாமல் முறுக்குக் கம்பி, எல்லாம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களுக்கான பந்தயம். ஓட்டப்போவது அவருடைய ஒரே மகள்.

செவ்வாய்க்கிழமை அவள் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது முன்சக்கரம் இரண்டும் ஆடின. அந்தக் காரில் ஒரு சக்கரத்துக்கு ஒரே ஒரு பெரிய நட்டுதான். செப்புச் சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டும். இறுக்கியது அவரேதான். இன்னும் இரண்டு மைல் போயிருந்தால் சக்கரம் காரை முந்திக்கொண்டு தனியாகப் பந்தயம் ஓடியிருக்கும்.

“அப்பா, ஞாயித்துக்கிழமைக்குள்ள ஏன்னு தெரியணும். தெரியாம நான் இதுல உக்கார மாட்டேன்” என்றாள் மகள்.

ஏன் என்பது அவருக்குக் கேள்வியே இல்லை. யார் என்பதுதான் கேள்வி. அதற்கும் பதில் கைவசம் இருந்தது: மாப்பிள்ளை. கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கிறவர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். அதுவே ஒரு மாதிரியாக இல்லையா? போதாததற்குப் போன வாரம் சாப்பிடும்போது, “பந்தயம் வேண்டாம்னு சொல்லல. வேணுமான்னுதான் கேக்கறேன்” என்று சொல்லியிருந்தார்.

புதன்கிழமை நட்டுகளை மறுபடி இறுக்கினார். நட்டின் மேலும் அது ஏறும் அச்சுமுனையின் மேலும் சேர்த்து ஒரே வெள்ளைக் கோடு இழுத்தார். நட்டு அசைந்தால் கோடு உடையும். சக்கரத்தைச் சுற்றி முகப்பவுடரைத் தூவி ஷெட்டைப் பூட்டினார்.

வியாழன் காலை பவுடரில் செருப்புத் தடம். இடது குதிகால் தேய்ந்த செருப்பு. பூதக்கண்ணாடி தேவையே படவில்லை.

“மாப்பிள்ளை, கொஞ்சம் இப்படி வாங்க” என்றார், கல்யாணத்தன்றுகூடக் காட்டாத மரியாதையோடு. “இது யார் காலுங்க?”

“என் கால்தான் மாமா.”

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. பவுடர், தடம் எல்லாம் வீணாகிவிட்டதே.

“பூட்டியிருந்துச்சே?”

“அத்தைகிட்ட சாவி வாங்கினேன்.”

அவர் பார்வை சமையலறைப் பக்கம் போனது. பட்டியல் நீண்டது.

“கழட்ட வரல மாமா. இறுகியிருக்கான்னு பாக்க வந்தேன். என் பொண்டாட்டி இல்ல ஓட்டறா?”

“அப்போ என் வேலைமேலயே சந்தேகமா?”

“ஏன், நீங்க மட்டும்தான் சந்தேகப்படணுமா?” என்றாள் மகள், தலைக்கவசத்தைத் துடைத்தபடி.

மாப்பிள்ளை குனிந்து காட்டினார். வெள்ளைக் கோடுகள் உடையாமல் நேராக இருந்தன. “நான் தொடவே இல்ல. இப்போ அவ மெதுவா தெருவ ஒரு பத்து சுத்து சுத்தட்டும். நாம ரெண்டு பேரும் இங்கயே நிப்போம். நீங்க என்னைப் பாருங்க, நான் உங்களைப் பாக்கறேன்.”

நின்றார்கள். பார்த்தார்கள். கார் திரும்பி வந்தது. முன்சக்கரம் இரண்டிலும் கோடு இரண்டாக உடைந்து ஆளுக்கொரு பக்கம் விலகியிருந்தது.

“ஓடற கார்ல யாரு மாமா கழட்டியிருப்பாங்க?”

மெக்கானிக் ஒரு கணம் மகளைப் பார்த்தார். “அப்பா!” என்று அவள் அதட்டியதும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

பின்சக்கர நட்டுகள் மட்டும் கல்லாக இறுகியிருந்தன. மாப்பிள்ளை முன்னும் பின்னும் நடந்து, நட்டு திருகி ஏறும் மரைகளைப் பார்த்தார். “மாமா, என் முன்னால உக்கார்றவங்களோட வலது எனக்கு இடது. நாள் பூரா இதே பொழப்பு. இங்க பாருங்க, இந்தப் பக்கப் பின்சக்கரத்துல மரை ஒரு திசை, முன்சக்கரத்துல எதிர்த்திசை. ஒரே பக்கம், ரெண்டும் ஒண்ணா இருக்க வேணாமா?”

மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. இடப்பக்கத்துக்கு ஒரு மரை, வலப்பக்கத்துக்கு நேரெதிர் மரை. சக்கரம் சுழலச் சுழல நட்டு இறுகத்தான் அந்த ஏற்பாடு. முன் அச்சுமுனைகளை இடம் மாற்றிப் பூட்டினால் சுழலச் சுழலக் கழலும். எந்தப் பக்கம் கழலும் என்று நட்டில் ஓர் அம்புக்குறி இருக்கும். திருடனுக்கு எதற்கு வழிகாட்டி என்று அதை அரத்தால் ராவி எடுத்ததும் அவர்தான்.

“சீட்டைப் பாத்துத்தானே மாட்டினேன்!” என்று காலிப் பெட்டிகளை இழுத்தார். “இடதுன்னு இருந்துச்சு. இடதுன்னா வலது. வலப்பக்கம் மாட்டினேன், மத்ததை இடப்பக்கம்.”

மனைவி வந்து எட்டிப் பார்த்தார். “அது என் எழுத்துங்க. அன்னைக்கு உங்க கையெல்லாம் கிரீஸ். இடதுன்னு எழுதுன்னீங்க, இடதுன்னு எழுதினேன். பொய் எழுதணும்னு என்கிட்ட சொல்லவே இல்லையே?”

பால் பாக்கெட்டின் தேதியை நம்பாதவர் பெண்டாட்டியின் கையெழுத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தார். நான்கு வருடத்தில் அந்த ஷெட்டில் எழுதப்பட்ட ஒரே உண்மை, மகளின் கழுத்துக்குக் குறிவைத்திருந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“மாப்பிள்ளை” என்றார். “அந்தச் சுத்தியலை எடுங்க. நான் கழட்டறேன். பக்கத்துல நின்னு பாருங்க.”

“நிஜமான இடது எதுன்னு நான் சொல்லட்டுமா?”

“சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை மகள் பதினேழு கார்களில் ஒன்பதாவதாக வந்தாள். வந்ததும் எத்தனையாவது என்று யாரும் கேட்கவில்லை. மாமனாரும் மருமகனும் ஆளுக்கொரு முன்சக்கரத்தடியில் மண்டி போட்டிருந்தார்கள். இரண்டு கோடும் நேர்கோடு. மாப்பிள்ளை எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

மெக்கானிக் எழவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து, அது தான் போட்ட அதே பெயிண்ட்தானா, இல்லை யாராவது நடுவில் அழித்துப் புதிதாகப் போட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.